கிழங்கைத் தானியமாக்கிய வாரம்

எனக்கு முப்பத்திநாலு வயது. போன மாதம் ஓய்வு பெற்றேன். சிரிக்க வேண்டாம், உண்மையாகவே சால்வை போர்த்தினார்கள், ரோஜா மாலை போட்டார்கள், கேக் வெட்டச் சொன்னார்கள். பதினொரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தவளைச் சும்மா அனுப்ப எங்கள் ஆட்களுக்கு மனம் வரவில்லை. போட்டோவை வீட்டுக் குழுவில் போட்டதும் மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா, "பென்ஷன் உண்டா மக்கா?" என்று கேட்டார். இல்லை சித்தப்பா. அடுத்த மாதம் முதல் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்தப் போகிறேன், அதுதான் என் பென்ஷன்.

மாலையைக் கழற்றும்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு இப்போது மென்பொருளே அட்டவணையை நிரப்பித் தருகிறது. ஒரு நாட்டின் ஆண்டறிக்கையைக் காட்டினால் போதும், நெல், கோதுமை, மக்காச்சோளம் என்று பிரித்து அடுக்கிவிடும். "அக்கா, நெசமாட்டே நீங்க ஒவ்வொரு எண்ணையும் சத்தம்போட்டு வாசிச்சா சரி பாத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்படியும் தப்பு வந்துச்சா?" என்றாள். வந்தது. எப்படிப்பட்ட தப்பு தெரியுமா என்று ஆரம்பித்தேன், அதற்குள் என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இதோ.

எங்கள் அலுவலகம் நாகர்கோவிலில், செட்டிகுளம் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. கீழே பேக்கரி. பன் வேகும் வாசனையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் உலகத்தின் கோதுமையை எண்ணினோம். ஒரு நாடு தான் தின்னும் தானியத்தில் எவ்வளவுக்கு அடுத்த நாட்டை நம்பி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கேட்கப் பெரிய விஷயம் போல இருக்கும். செய்வது இதுதான்: உள்ளே விளைந்தது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு. வந்ததில் போனதைக் கழித்து, நாட்டில் மொத்தம் இருக்கும் தானியத்தால் வகுத்தால் விடை. ஒரு வீட்டில் பத்துப் படி அரிசி பொங்குகிறது, அதில் ஆறு படி சொந்த வயல், நாலு படி கடை என்றால், அந்த வீட்டின் சார்பு நூற்றுக்கு நாற்பது. நாட்டுக்கும் இதே கணக்குதான். படிக்குப் பதில் கப்பல்.

பயிற்சிக் காலம் மூன்று மாதம். நெல்லை அப்படியே எழுதக் கூடாது, குத்தின அரிசியாக்கி எழுத வேண்டும். மாவைத் திரும்பக் கோதுமையாக்க வேண்டும். ஒரு வருடம் மழை பெய்யும், மறு வருடம் பொய்க்கும், அதனால் மூன்று வருடச் சராசரிதான் எடுக்க வேண்டும். கோயில் நவதானியத்தில் பயறும் எள்ளும் வரும், எங்கள் அட்டவணையில் வராது, புல் இனத்து மணி மட்டும்தான். இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிட்டு, முதல் வாரமே ஒரு காரியம் செய்தேன். ஒரு நாட்டுக்கு விடை கழித்தல் குறியோடு வந்தது. என்னடா இது, சார்பு எப்படிக் கழித்தலில் வரும், யாரோ தட்டும்போது கை தவறியிருக்கிறது என்று அந்தச் சின்னக் கோட்டை அழித்துவிட்டேன். உலகத்துக்கே கோதுமை விற்கிற நாடு அது. விற்கிறவனுக்குக் கழித்தலில்தான் வரும். பக்கத்து நாற்காலி செல்வின் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊருக்கெல்லாம் சோறு போடுற நாட்டைப் பட்டினி போட்டுட்டியே!" என்று கத்தினான். கீழே பேக்கரிக்காரர் வரை கேட்டது.

செல்வின் குலசேகரத்துக்காரன். ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, வாயாடி. இன்னொருவர் அய்யப்பன் அண்ணன், தோவாளைப் பக்கம், வயலும் பூவும் உள்ள ஊர். நான் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் கடற்கரை. எங்கள் மூன்று பேருக்கும் மேலே ஷீபா மேடம், மார்த்தாண்டம்.

ஷீபா மேடத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். தப்பு என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். திரையில் விரலை வைத்து, "இது எங்கேருந்து வந்துது?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் தூக்கத்தில்கூடப் பக்க எண் சொல்லியிருக்கிறேன் என்று அம்மை சொல்வாள்.

அவருடைய சரிபார்ப்பு முறை ஒரு பூசை மாதிரி. ஒருவர் மூல அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயிர்ப் பெயரையும் எண்ணையும் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் நம் அட்டவணையில் அதைப் பார்த்து டிக் போடுவார். மேடம் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்பார். எண் எத்தனை இலக்கம் என்று அவர் காதிலேயே நிற்கும். "நில்லு. போன வருஷம் ஏழு இலக்கம், இந்த வருஷம் ஆறா? ஒரு சைபர் எங்க போச்சு?" என்பார், கண்ணைத் திறக்காமலே. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அவர் சொன்னது சரியாக இருந்திருக்கிறது. மற்ற நேரம் அந்த நாட்டில் வெள்ளம் வந்திருக்கும்.

வாசிப்பு முடிந்ததும் கடைசியாக ஒரு சோதனை. தட்டுக் கணக்கு என்று பேர் வைத்திருந்தோம். நாட்டில் இருக்கும் மொத்தத் தானியத்தை ஜனத்தொகையால் வகுத்து, வருடத்து நாட்களால் வகுத்தால், ஒரு ஆள் தட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது என்று தெரியும். அரைக் கிலோ பக்கம் வந்தால் சரி. நூறு கிராம் வந்தாலோ ஒரு கிலோ வந்தாலோ எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். இதை எப்போதும் அய்யப்பன் அண்ணன்தான் செய்வார். வேறு யாரும் தொட மாட்டோம்.

மேடத்திடம் ஒரு நோட்டும் உண்டு. நீல அட்டை, நானூறு பக்கம். பிசகினவரே தன் கையால் அதில் எழுத வேண்டும்: என்ன, எங்கே, எப்படித் தெரிந்தது. முதல் ஒன்பது பக்கமும் மேடத்தின் கையெழுத்து. அதைப் பார்த்த பிறகு நமக்கு எழுதக் கூச்சம் வராது.

மூன்றாவது வருடம் அந்த வேலை வந்தது. அதுவரை எங்கள் மேசைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தானியம். மற்ற நாட்களில் காப்பீட்டுப் படிவம் தட்டுவோம். பிறந்த தேதி, ரத்த வகை, கையெழுத்து உண்டா இல்லையா. அதைத் தட்டித் தட்டி எனக்கு ஊரில் பார்க்கிறவர்கள் நெற்றியில் எல்லாம் ரத்த வகை தெரிய ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் மேடம் எங்கேயோ பேசி, இரண்டு நாடுகளை ஒப்பிடும் முழு அறிக்கை ஒன்றை வாங்கி வந்தார். தானியக் கிட்டங்கி, அதாவது சேமிப்புக் கிடங்கு, கட்டிக் கொடுக்கும் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை. அவர்கள் கையில் இருந்த பணத்துக்கு அப்போது ஒரு நாட்டில்தான் கட்ட முடியும். இரண்டு நாட்டில் எது வெளித் தானியத்தை அதிகம் நம்பி இருக்கிறதோ அங்கே முதலில். இது வெள்ளோட்டம். நன்றாகச் செய்தால் ஒப்பீட்டு வேலை முழுக்க எங்கள் மேசைக்கு. சொதப்பினால் தானிய மேசையை மூடிவிட்டு நாலு பேரும் முழுநேரமும் ரத்த வகைதான் என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

நாடுகளின் பெயரைச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். ஒன்றை மழை நாடு என்றும் இன்னொன்றை வறண்ட நாடு என்றும் வைத்துக்கொள்வோம். மழை நாட்டை நான் எடுத்தேன், வறண்ட நாட்டைச் செல்வின் எடுத்தான். மேடம் முன்னால் உட்கார, பூசை மாதிரி வாசித்தோம், டிக் போட்டோம், வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பினோம். விடை தெளிவாக இருந்தது. வறண்ட நாடு தன் தானியத்தில் பாதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மழை நாடு கால்வாசிகூட வாங்குவதில்லை. ஆகவே கிட்டங்கி வறண்ட நாட்டுக்கு. சாயங்காலம் ஆளுக்கு ஒரு ரசவடை தின்று கொண்டாடினோம். செவ்வாய்க்கிழமை அறக்கட்டளை அதிகாரியோடு வீடியோவில் பேச்சு, அது முடிந்தால் வேலை நம்முடையது.

திங்கள்கிழமை மத்தியானம். நான் சும்மா இருக்க மாட்டாமல், செவ்வாய்க்கிழமை காட்ட அழகாக ஒரு படம் வரைவோமே என்று இரண்டு தட்டு வரைந்தேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆளின் ஒரு நாள் தானியம். வறண்ட நாட்டுத் தட்டில் அரைக் கிலோ. சரி. மழை நாட்டை வகுத்தேன். ஒன்றேகால் கிலோ வந்தது.

திரும்ப வகுத்தேன். ஒன்றேகால்.

செல்வின் எட்டிப் பார்த்தான். "ஏ, அங்க டெய்லி கல்யாணமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டுக் கணக்கை யார் போட்டது என்று அப்போதுதான் நினைத்தேன். அய்யப்பன் அண்ணன் தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். போவதற்கு முன் அவர் போட்டிருப்பார் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்திருக்கிறோம். மூல அறிக்கையைத் திறந்தேன். 'முக்கிய உணவுப் பயிர்கள்' என்று ஒரே அட்டவணை. நெல், மக்காச்சோளம், கம்பு, அதற்கு அடுத்து மரச்சீனி.

மரச்சீனிக் கிழங்கை, மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி, நான் தானியத்தில் சேர்த்திருந்தேன்.

எங்கள் வீட்டில் மத்தியானம் சோறு என்றால் ராத்திரி கிழங்கு. வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு மசித்து, பக்கத்தில் சாளை மீன் கறி. அது பலகாரமோ தொட்டுக்கொள்வதோ கிடையாது, அதுதான் சாப்பாடு. என் கை அந்த வரியைத் தாண்டிப் போகவே இல்லை, நெல்லுக்குக் கீழே கிழங்கையும் எடுத்து வைத்துவிட்டது. இதில் வேடிக்கை, அதற்கு அடுத்த வரியில் காச்சில் கிழங்கு இருந்தது, அதை நான் எடுக்கவில்லை. ஏன் தெரியுமா? காச்சில் எங்கள் வீட்டில் சாயங்காலத் தீனி. காப்பிக்குத் தொட்டுக்கொள்வது. ஒரு நாட்டின் உணவை என் அம்மையின் அடுப்படிப்படி பிரித்திருக்கிறேன்!

வாசிப்பில் எப்படித் தப்பியது? செல்வின் "மரச்சீனி" என்று சத்தமாக வாசித்தான், நான் டிக் போட்டேன், மேடம் கண்ணை மூடிக் கேட்டார். எண் சரி. பெயர் சரி. இலக்கம் சரி. குலசேகரம், மணவாளக்குறிச்சி, மார்த்தாண்டம் என்று மூன்று பேரும் கிழங்கு தின்கிற ஊர்க்காரர்கள். ஒருவர் காதிலும் அது உறுத்தவில்லை. வயலில் பிறந்த அய்யப்பன் அண்ணன் இருந்திருந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்.

கிழங்கைப் பச்சையாக நிறுப்பார்கள், பாதிக்கு மேல் தண்ணீர். அந்தப் பாரம் முழுவதும் உள்நாட்டு விளைச்சலில் போய் உட்கார்ந்து, மழை நாட்டைத் தன்னிறைவு நாடாகக் காட்டியிருந்தது. கிழங்கை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். சார்பு கால்வாசிக்கும் கீழே இருந்து முக்காலுக்கு ஏறியது. வறண்ட நாடு அதே பாதியில். வரிசை அப்படியே தலைகீழ். கிட்டங்கி மழை நாட்டுக்கு.

நியாயமாகப் பார்த்தால் இங்கே கதை முடிந்துவிட வேண்டும். திருத்து, அனுப்பு, திட்டு வாங்கு. ஆனால் கிழங்கு தின்கிறவளுக்கு ஒன்று தெரியும். கிழங்கு விளைந்த பிறகும் மண்ணுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டும்போது பிடுங்கலாம். மழை நாட்டுக்குக் கப்பல் வராவிட்டால் ஜனங்கள் இன்னும் இரண்டு செடியை மூட்டோடு பிடுங்கிக்கொள்வார்கள். வறண்ட நாட்டில் மூன்று வேளையும் ரொட்டி, கப்பல் தாமதித்தால் வேறு வழி இல்லை. கிட்டங்கி தேவைப்படுவது அங்கேதான். என் தப்பான அட்டவணை சரியான நாட்டைக் காட்டியிருந்தது. சரியான அட்டவணை தப்பான நாட்டைக் காட்டப் போகிறது.

செல்வினிடம் சொன்னேன். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது, இரண்டு நிமிடத்தில் தெளிந்தது.

"விட்டுரு மக்கா" என்றான் மெதுவாக.

"என்னது?"

"எண்ணு தப்பு, முடிவு சரி. ரொட்டி திங்கிறவனுக்குக் கிட்டங்கி கிடைக்கும், நமக்கு வேலை கிடைக்கும். யாருக்கு நஷ்டம், சொல்லு பாப்போம்?"

"அடுத்த மாசம் எவனாவது இந்த அட்டவணையை எடுத்து, மழை நாட்டுல தானியம் கொட்டிக் கிடக்குன்னு கப்பலைக் குறைச்சா?"

"அவன் ஏன் நம்ம அட்டவணையை எடுக்கான்?"

"நாமளே அடுத்தவனுக்க அட்டவணையைத்தானல எடுக்கோம்!"

எழுந்து மேடத்தின் அறைக்குப் போனேன்.

மேடம் சுடுவெள்ளம் குடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டுப் படத்தை மேசையில் வைத்தேன். ஒன்றேகாலைப் பார்த்தார். விரலை வைத்தார்.

"இது எங்கேருந்து வந்துது?"

"எனக்க வீட்டுலேர்ந்து மேடம்" என்றேன்.

சொல்லி முடித்தேன். மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். யாரும் எண் வாசிக்காமல் அவர் கண் மூடியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு திடீரென்று தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தால், சிரிப்பு. ஷீபா மேடம் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நானும் கேட்டுட்டு சும்மா இருந்தேனேட்டி! மரச்சீனின்னு அவன் வாசிச்சப்பம் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ராத்திரிக்குக் கிழங்கு வாங்கணும்னு தோணிச்சு."

நீல நோட்டை எடுத்தார். நான் எழுதக் கை நீட்டினேன். "பொறு" என்று முதலில் அவர் எழுதினார். அடுத்து செல்வினைக் கூப்பிட்டார். மூன்று கையெழுத்து, ஒரே பக்கத்தில், ஒரே கிழங்கு.

பிறகு வேலை ஆரம்பித்தது. செல்வினுக்கு அவசரம். "மேடம், ஒரே மெயில்ல அனுப்பிருவோம். தப்பு நடந்துட்டு, ஆனா முடிவு சரின்னு."

"வேண்டாம்" என்றார் மேடம். "ரெண்டையும் சேத்து வச்சா, திருத்தம் சாக்கு மாதிரி தெரியும். முதல்ல திருத்தம் போகட்டும். தனியாட்டு. 'ஆனா'ன்னு ஒரு சொல்லு அதுல வரப்பிடாது. வாதம் பெறகு."

நாலு மணிக்குத் திருத்தம் போனது. ஆறு வரி. நாங்கள் தானியம் அல்லாத ஒரு பயிரைத் தானியத்தில் சேர்த்துவிட்டோம், அதை நீக்கினால் மழை நாட்டின் சார்பு முக்கால், வறண்ட நாட்டின் சார்பு பாதி, வரிசை மாறுகிறது, வருந்துகிறோம். அனுப்பும் பொத்தானை மேடம் என்னை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மேசையே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து இரண்டாவது கடிதத்தை எழுதினோம். அறக்கட்டளை கேட்டது, தின்னும் தானியத்தில் எவ்வளவு கப்பலில் வருகிறது என்று. நாங்கள் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை சேர்த்தோம்: ஒரு ஆள் தின்னும் மொத்தச் சாப்பாட்டில் தானியம் எவ்வளவு. புரிவதற்காக இங்கே உருட்டிச் சொல்கிறேன். மழை நாட்டுக்காரன் தின்னும் பத்து உருண்டையில் நாலுதான் தானியம், அந்த நாலில் மூன்று கப்பலில் வருகிறது. ஆக, பத்தில் மூன்று கப்பலை நம்பி. வறண்ட நாட்டுக்காரனுக்குப் பத்தில் எட்டு உருண்டை தானியம், அதில் பாதி கப்பலில். ஆக, பத்தில் நாலு கப்பலை நம்பி. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே மயிரிழைதான். ஆனாலும் இந்த முறை ஒவ்வொரு எண்ணுக்கும் பக்க எண் இருந்தது. நான் மூன்று தடவை தட்டுக் கணக்குப் போட்டேன். காச்சிலையும் விடாமல் கிழங்குகளுக்கென்று தனி வரிசை போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அய்யப்பன் அண்ணன் கல்யாணப் பலகாரத்தோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பலகார டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நாலு நாள் லீவு போட்டா ஒரு நாட்டுக்க சோத்தையே மாத்திட்டியளே! கிழங்கு எங்கயாவது தானியமாகுமா?"

"உங்களுக்கு அது சாப்பாடே இல்லல்லா" என்றான் செல்வின்.

"எங்க ஊருல கிழங்கு தின்னா, ஒடம்புக்கு என்ன செய்யுன்னு கேப்பாங்க பிலே!"

பதினொரு மணிக்கு வீடியோ. அந்த அதிகாரி ஒரு பெண், குட்டை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. சிரிப்பு மருந்துக்கும் இல்லை. இரண்டு கடிதமும் அவர் முன்னால் அச்சடித்து இருந்தது. பேச்சு ஆங்கிலத்தில்தான், தமிழில் சொல்கிறேன்.

"நாங்கள் தானியம் கேட்டோம். நீங்கள் கிழங்கு தந்தீர்கள்" என்றார். "இது யார் செய்தது?"

"எங்கள் அலுவலகம்" என்றார் மேடம்.

"நான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. மேடம் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஆனால் ஆரம்பித்தாயிற்று. எங்கள் மாவட்டத்தில் அது சாப்பாடு, அதனால் கை போய்விட்டது என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். "சாப்பாடு என்றால்? அரிசியோடு சேர்த்தா, அரிசிக்குப் பதிலா?"

"பதிலாக. மீன் குழம்போடு."

"விளைந்த பிறகு எத்தனை நாள் மண்ணில் இருக்கும்?"

"மாதக்கணக்கில். ரொம்ப நாள் போனால் நார் அடிக்கும். ஆனால் பசிக்கு நார் தெரியாது."

"பிடுங்கிய பிறகு?"

"இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போகும். அதனால்தான் பிடுங்காமல் விடுவோம். மண்ணே கிட்டங்கி."

கடைசி வாக்கியம் யோசித்துச் சொன்னதில்லை. அது என் அப்பா சொல்கிற தினுசு. அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"வறண்ட நாட்டில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது?" என்றார்.

செல்வினின் நாடு அது. "ஒன்றுமில்லை மேடம்" என்றான். "கோதுமையை அறுத்தே ஆக வேண்டும். அறுத்தால் வைக்க இடம் வேண்டும்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். வியாழக்கிழமை சொல்வதாகச் சொன்னார். திரை கறுத்தது. நாங்கள் நாலு பேரும் எங்கள் முகத்தையே அதில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமை முழுவதும் காப்பீட்டுப் படிவம் தட்டினேன். ஒரு ஆளுக்கு ரத்த வகை என்ற இடத்தில் 'கோதுமை' என்று தட்டிவிட்டேன். அழித்தேன். நோட்டில் எழுதவில்லை, மன்னிக்கவும் மேடம்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு மெயில் வந்தது. மேடம் நின்றுகொண்டே வாசித்தார், எப்போதும் எண் வாசிக்கிற அதே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல். இரண்டாவது வரிசையை ஏற்றுக்கொள்கிறோம். கிட்டங்கி வறண்ட நாட்டுக்கு. மழை நாட்டின் திருத்தப்பட்ட எண்தான் பதிவில் நிற்கும். இனி எங்கள் எல்லா ஒப்பீட்டிலும் இந்த இரண்டாவது வரிசை வேண்டும். தட்டுக் கணக்கைக் கடைசியில் போடாமல் முதலில் போடவும். இணைப்பில் அடுத்த பன்னிரண்டு நாடுகள்.

பன்னிரண்டு!

செல்வின் நாற்காலியில் ஏறி நின்றான். அய்யப்பன் அண்ணன் மிச்சம் இருந்த முறுக்கைத் தூக்கிக் கீழே பேக்கரிக்காரருக்குக் கொடுக்க ஓடினார், அவருக்கு எதற்கு என்று இன்றுவரை தெரியாது. நான் மேடத்தைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "செரி செரி, சேலை கசங்கும்" என்றார்.

ஐந்து நிமிடம் ஆட்டம் போட விட்டார். பிறகு, "வாங்க, முதல் நாட்டைத் திறப்போம்" என்று உட்கார்ந்தார். அய்யப்பன் அண்ணன் வாசிக்க, நான் டிக் போட. மேடம் கண்ணை மூடினார். மக்காச்சோளம், டிக். கேழ்வரகு, டிக். கம்பு, டிக். அடுத்த வரியில் அண்ணன் கொஞ்சம் நிறுத்தினார். அந்த நாட்டில் ஜனங்கள் வயிறு நிறையத் தின்பது அதைத்தானாம். எண்ணும் பட்டியலிலேயே பெரியது.

"சமையல் வாழைக்காய்" என்று வாசித்தார்.

என் கை பாதி தூரம் போய்விட்டிருந்தது.

"தொடாதட்டி!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.